திரையில் தெரியும் வேகமும் துடுப்பாட்ட வீரருக்குக் கிடைக்கும் நேரமும்

காலபோக அரிவு வெட்டு முடிந்து வயல் காய்ந்த பின்னர், வன்னியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊருக்கு ஒரு வெட்டை விளையாட்டிடமாகி விடுகிறது. அங்கே ஒரு பந்துவீச்சாளர் எவ்வளவு வேகமானவர் என்பதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. விக்கெட் காப்பாளர் எத்தனை அடி பின்னால் நிற்கிறார், துடுப்பாட்ட வீரரின் பின்கால் எந்தப் பக்கம் நகர்கிறது, பந்து மட்டையில் படும்போது கேட்கும் ஓசை எப்படி இருக்கிறது என்பவற்றைக் கொண்டே தீர்ப்புச் சொல்லப்படுகிறது. அப்படித் தீர்ப்புச் சொல்பவர்களுக்கிடையே ஒரு பழைய வாதமும் தொடர்ந்து நடக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர்கள் 1970களின் வேகப்பந்து வீச்சாளர்களான அவுஸ்திரேலியாவின் ஜெப் தொம்சனையும் மேற்கிந்தியத் தீவுகளின் அன்டி ரொபேட்ஸையும் மிஞ்ச இனி ஒருவர் பிறக்க வேண்டும் என்கிறார்கள். இளையவர்கள் கைத்தொலைபேசியை எடுத்து, பாகிஸ்தானின் சொயிப் அக்தார் வீசிய, மணிக்கு 161.3 கிலோமீற்றர் என்ற எண்ணைக் காட்டி வாதம் முடிந்துவிட்டது என்கிறார்கள்.

இந்த வாதத்தில் இரு தரப்பினரும் சொல்வதை நான் மதிக்கிறேன். மின்சாரமும் மின்கலமும் இல்லாத ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தில் வானொலியை இயக்கி நேர்முக வர்ணனை கேட்டவர்கள் நாங்கள். வேகம் என்பது அப்போது எங்களுக்கு வர்ணனையாளரின் குரலிலிருந்த பதற்றம் மட்டுமே. ஆகவே எண் ஒன்று கிடைத்தபோது அதைப் பெரும் விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டோம். ஆனால் அந்த எண் எந்த இடத்தில், எந்தக் கருவியால், எந்தக் கணத்தில் அளக்கப்பட்டது என்பதை அறியாமல் இரண்டு காலகட்டங்களின் பந்துவீச்சாளர்களை ஒப்பிட்டால், நாம் ஒப்பிடுவது பெரும்பாலும் பந்துவீச்சாளர்களை அல்ல, கருவிகளையே. துடுப்பாட்ட வீரருக்கு அந்தப் பந்தைச் சந்திக்க எவ்வளவு நேரம் கிடைத்தது என்று கேட்பதே இதைவிட நேர்மையான வழி என்பது என் கருத்து. அப்படிக் கேட்கும்போது பழையவர்கள் நாம் நினைப்பதைவிட மிக நெருங்கி வருகிறார்கள்.

முதலில் அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைப் பார்ப்போம். இன்று தொலைக்காட்சியில் காட்டப்படுவது பந்து கையை விட்டுப் புறப்படும் கணத்தின் வேகம். பந்து துடுப்பாட்ட வீரரை அடையும்போது அதே வேகத்தில் வருவதில்லை. ஏறத்தாழ 160 கிராம் எடையும் ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்று மேற்பட்ட விட்டமும் கொண்ட கடினப்பந்து, காற்றின் தடையால் மட்டுமே, ஆடுகளத்தின் நீளத்தைக் கடப்பதற்குள் தன் வேகத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. தரையில் படும்போது இன்னும் ஒரு பங்கை உராய்வு எடுத்துக்கொள்கிறது. புல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, பந்து எந்தக் கோணத்தில் விழுந்தது என்பவற்றைப் பொறுத்து அந்தப் பங்கு கூடும் அல்லது குறையும். ஆகவே 145 என்று திரையில் தெரியும் பந்து மட்டையை எட்டும்போது 120-ஐ ஒட்டிய வேகத்தில் வந்துகொண்டிருக்கலாம். புறப்பட்ட கணத்தில் அளந்த ஒரு கருவியின் எண்ணையும், முழுத் தூரத்தின் சராசரியை அளந்த இன்னொரு கருவியின் எண்ணையும் அருகருகே வைத்தால், ஒரே பந்து இரண்டு வெவ்வேறு பந்துகளாகத் தெரியும்.

இனி நேரத்தைக் கணக்கிடுவோம். ஆடுகளத்தின் நீளம் 22 யார், அதாவது 20.12 மீற்றர். ஒரு முனையில் துடுப்பாட்ட வீரர் காலூன்றும் மட்டைக்கோட்டிலிருந்து மறுமுனையின் மட்டைக்கோடு வரை 17.68 மீற்றர். வேகம் குறையாமல் வந்தால் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகப் பந்து அந்தத் தூரத்தை ஏறத்தாழ 0.40 செக்கனில் கடக்கும். 145 கிலோமீற்றர் வேகப் பந்து 0.44 செக்கனிலும், 130 கிலோமீற்றர் வேகப் பந்து 0.49 செக்கனிலும் கடக்கும். காற்றுத் தடையைச் சேர்த்தால் இந்த நேரங்கள் சற்றுக் கூடும், ஆனால் எல்லாப் பந்துகளுக்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கூடும். மிகச் சிறந்த வேகத்துக்கும் நல்ல வேகத்துக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரு செக்கனின் இருபத்தைந்தில் ஒரு பங்கு மட்டுமே என்பதைக் கவனிக்க வேண்டும். துடுப்பாட்ட வீரர் தடுமாறுவதும் தலை தப்புவதும் அந்தச் சிறு இடைவெளிக்குள்தான் நடக்கின்றன.

கருவிகள் வருவதற்கு முன்னர் வேகத்துக்குச் சாட்சி சொன்னவை வேறு பொருட்கள். 1911-இல் மான்செஸ்டரின் ஓல்ட் டிரபர்ட் மைதானத்தில், வூஸ்டர்ஷயர் அணியின் ரொபேட் பரோஸ் வீசிய பந்து ஸ்டம்பைத் தாக்கியபோது, அதன் மேலிருந்த சிறு மரத்துண்டான பெயில் 67 யார் 6 அங்குலம் பறந்து போய் விழுந்தது எனப் பதிவாகியிருக்கிறது. அது ஏறத்தாழ 61 மீற்றர். வியப்பான செய்திதான், ஆனால் பெயில் எந்த இடத்தில் அடிபட்டது, எந்தக் கோணத்தில் எழுந்தது என்பவற்றைப் பொறுத்தே அது பறக்கும் தூரம் அமையும் என்பதால், அதிலிருந்து பந்தின் வேகத்தைக் கணக்கிட முடியாது. 1932-33 பருவத்தில் அவுஸ்திரேலிய மண்ணில் 33 விக்கெட்டுகளை வீழ்த்திய இங்கிலாந்தின் ஹரோல்ட் லார்வூட்டின் வேகத்துக்கும் இத்தகைய சாட்சிகளே அதிகம். அடிலெய்டில் அவருடைய பந்தில் பேர்ட் ஓல்ட்பீல்டின் மண்டையோடு வெடித்தது உண்மை. அந்தக் காயம் பந்தின் வேகத்தை மட்டும் காட்டுவதல்ல. அன்று தலைக்கவசம் இருக்கவில்லை என்பதையும் காட்டுகிறது.

பழைய படச்சுருளைப் பார்த்து லார்வூட்டின் வேகத்தைக் கணக்கிட்டதாகச் சொல்லும் காணொளிகள் இன்று ஏராளமாக உலவுகின்றன. இவற்றை நம்புவதற்கு முன் ஒரு கணக்கைச் செய்து பார்ப்பது நல்லது. ஒலியோடு கூடிய திரைப்படம் செக்கனுக்கு 24 படச்சட்டங்களைக் கொண்டது. கையை விட்ட பந்து மட்டையை அடைய 11 சட்டங்கள் எடுத்தால், சராசரி வேகம் மணிக்கு 139 கிலோமீற்றர் என வரும். எண்ணுபவர் ஒரு சட்டம் குறைத்து 10 என எண்ணினால் அதே பந்து 153 கிலோமீற்றர் வேகம் பெறும். ஒரு சட்டம் கூட்டி 12 என எண்ணினால் 127-க்கு இறங்கிவிடும். பந்து எந்தச் சட்டத்தில் கையை விட்டது என்பதை மங்கலான கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு சட்டம் பிசகாமல் சொல்வது எவருக்கும் கடினம். ஒலியில்லாக் காலத்துப் படங்களில் கமராவைக் கையால் சுழற்றியதால் செக்கனுக்கு எத்தனை சட்டங்கள் என்பதே நிலையாக இருக்கவில்லை. ஒரு சட்டத்தின் பிழையே உலகத்தர வேகப்பந்து வீச்சாளரையும் நடுத்தர வேகக்காரரையும் பிரிக்கும் அளவுக்குப் பெரிதாக இருக்கும்போது, அந்தப் படங்களைக் கொண்டு தசம எண்ணில் முடிவு சொல்வது தவறு.

கருவியின் துணையோடு நடந்த பழைய அளவீடுகளில் அதிகம் பேசப்படுவது இங்கிலாந்தின் பிராங்க் டைசனுடையது. 1954-55 அவுஸ்திரேலியத் தொடரில் 28 விக்கெட்டுகளை எடுத்து, மெல்பேர்ண் டெஸ்டில் 27 ஓட்டங்களுக்கு 7 பேரை வெளியேற்றிய அவர், தொடர் முடிந்து நியூசிலாந்துக்குப் போனபோது, வெலிங்டனில் ஒரு விமானவியல் கல்லூரியில் அவருடைய பந்து அளக்கப்பட்டது. கிடைத்த எண் மணிக்கு 89 மைல், அதாவது 143 கிலோமீற்றர். அவரோடு பந்துவீசிய பிரையன் ஸ்டதாமுக்கு 87 மைல். இன்று எந்த அணியிலும் இருக்கும் ஒரு மூன்றாவது வேகப்பந்து வீச்சாளரின் எண்ணாக இது தெரியலாம். ஆனால் அது ஒரு குளிர்ந்த, ஈரம் படிந்த காலை; கம்பளிச் சட்டைகளைக் கழற்றாமல், உடல் சூடேறாமல், உலோகத் தகடு பொருத்திய பந்தை எதிரில் துடுப்பாட்ட வீரர் இல்லாத இடத்தில் வீசிக் கிடைத்த எண் அது. மெல்பேர்ணில் ஏழு விக்கெட்டுகளை எடுத்த அன்று அவர் எந்த வேகத்தில் வீசினார் என்பதை அந்தக் காலை சொல்லாது. 143 என்பதை டைசனின் உச்சம் என்று அல்ல, அவர் குறைந்தது எட்டிய வேகம் என்றே நான் வாசிக்கிறேன்.

ஜெப் தொம்சனிடம் வரும்போதுதான் இந்த விடயம் செழிப்படைகிறது, நமக்கும் நெருக்கமாகிறது. 1975 ஜூன் 11 அன்று, முதலாவது உலகக் கிண்ணத்தில், இலண்டனின் ஓவல் மைதானத்தில் இலங்கை அணி அவுஸ்திரேலியாவைச் சந்தித்தது. அவுஸ்திரேலியா 5 விக்கெட்டுகளுக்கு 328 ஓட்டங்கள் எடுத்தது. அப்போது டெஸ்ட் தகுதி கூட இல்லாத இலங்கை, அஞ்சாமல் துரத்தி 4 விக்கெட்டுகளுக்கு 276 ஓட்டங்கள் எடுத்தது. அந்தத் துரத்தலின் நடுவே தொம்சனின் பந்து துலிப் மென்டிஸின் தலையைத் தாக்கியது. சுனில் வெத்தமுனியும் அவருடைய பந்துகளில் அடிபட்டு, அரைச்சதம் கடந்த நிலையில் களத்தை விட்டு வெளியேறினார். இருவரும் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தொம்சனின் பெயரைச் சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பது அந்த நாள்தான். அன்று அவருடைய வேகத்தை எவரும் அளக்கவில்லை.

ஆனால் அதே ஆண்டு டிசம்பரில், பேர்த் நகரில் மேற்கிந்தியத் தீவுகள் அணிக்கெதிரான டெஸ்டை ஒட்டி, மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அதிவேகக் கமராக்களை வைத்துப் பந்துவீச்சாளர்களை அளந்தார்கள். தொம்சனுக்கு மணிக்கு 160.5 கிலோமீற்றரை ஒட்டிய வேகமும், அன்டி ரொபேட்ஸுக்கு அதற்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் குறைவான வேகமும் கிடைத்தன. இங்கே முறை மாறிவிட்டது என்பதைக் கவனியுங்கள். சாதாரணத் திரைப்படத்தில் ஒரு சட்டப் பிழை பத்தில் ஒரு பங்கு என்றால், செக்கனுக்குப் பல நூறு சட்டங்கள் எடுக்கும் கமராவில் அதே பிழை நூற்றில் ஒன்றிரண்டுக்குள் அடங்கிவிடுகிறது. ரேடார் வருவதற்கு ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு முன்னர் கிடைத்த இந்த எண்ணை, இன்றைய எண்களோடு ஒரே மேசையில் வைக்கலாம் என்று நான் துணிந்து சொல்வேன்.

அடுத்து வந்த சம்பவம் இந்த ஒப்பீட்டில் பலர் மறந்துவிடும் ஒன்று. 1976 டிசம்பரில் அடிலெய்டில் பாகிஸ்தானுக்கெதிரான டெஸ்டில், தன் பந்திலேயே சஹீர் அபாஸ் கொடுத்த பிடியை எடுக்க ஓடிய தொம்சன், அதே பிடிக்கு ஓடிவந்த அலன் டேர்னருடன் மோதினார். ஓவலில் இலங்கைக்கெதிராகச் சதமடித்த அதே டேர்னர்தான் அவர். தொம்சனின் பந்துவீசும் தோள் அந்த மோதலில் கடுமையாகச் சேதமடைந்தது. அதற்குப் பின்னர், 1978-79 பருவத்தில், தொலைக்காட்சிக்காக நடத்தப்பட்ட வேகப்பந்துவீச்சுப் போட்டியில் அவர் 147.9 கிலோமீற்றர் வேகத்தோடு முதலிடம் பெற்றார். மேற்கிந்தியத் தீவுகளின் மைக்கல் ஹோல்டிங்குக்கு 141.3, இம்ரான் கானுக்கு 139.7. தொம்சனின் உண்மையான வேகம் 148-தான் என்று வாதாடுபவர்கள் இந்த எண்ணையே எடுத்துக் காட்டுகிறார்கள். காயப்பட்டுத் தேறிய தோளோடு, விக்கெட் விழும் ஆவேசம் இல்லாத காட்சிப் போட்டியில், வேறொரு கருவி வேறொரு முறையில் அளந்த எண்ணைக் கொண்டு 1975-ஆம் ஆண்டின் அளவீட்டைத் தள்ளிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இதே ஹோல்டிங்தான் 1976-இல் ஓவலின் உயிரற்ற ஆடுகளத்தில், ஆடுகளத்தின் உதவி ஏதுமில்லாமல், காற்றில் வரும் வேகத்தை மட்டும் நம்பி 149 ஓட்டங்களுக்கு 14 விக்கெட்டுகளை எடுத்தவர். 141 என்ற எண் அந்த மனிதரை விளக்கப் போதாது.

1990களின் இறுதியில் ரேடார் தொலைக்காட்சி ஒளிபரப்பின் நிலையான அங்கமானது. கருவி அனுப்பும் அலை ஓடும் பந்தில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறுகிறது. அந்த மாற்றத்திலிருந்து வேகம் கணிக்கப்படுகிறது. வீதியில் வாகனங்களின் வேகத்தைப் பொலிசார் அளப்பதும் இதே தத்துவத்தில்தான். இம்முறையின் பலவீனம் கோணத்தில் இருக்கிறது. கருவி பந்து செல்லும் பாதையின் நேர்கோட்டில் இருந்தால் உண்மையான எண் வரும். பத்துப் பாகை விலகியிருந்தால் நூற்றுக்கு ஒன்றரை குறையும். இருபது பாகை விலகினால் 150 கிலோமீற்றர் வேகப் பந்து 141 எனப் பதிவாகும். 2001-இல் அறிமுகமான ஹோக்-ஐ போன்ற பல கமராத் தொகுதிகள் பந்தின் முழுப் பாதையையும் கட்டமைத்துப் பார்ப்பதால் இந்தக் கோணப் பிழையிலிருந்து பெரிதும் தப்புகின்றன.

கருவி வெளிப்படையாகத் தவறிய நாட்களும் உண்டு. 2020 ஜனவரியில், பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில், மதீஷ பத்திரன இந்தியாவுக்கெதிராக வீசிய ஒரு பந்து 175 கிலோமீற்றர் எனத் திரையில் தோன்றியது. நம் நாட்டு இளைஞர் ஒருவர் உலக சாதனையை 14 கிலோமீற்றரால் முறியடித்துவிட்டார் என்று அந்தப் படம் வன்னி வரை எத்தனையோ தொலைபேசிகளில் பரவியது. 2024 டிசம்பரில் அடிலெய்ட் டெஸ்டில் மொஹமட் சிராஜின் பந்து 181.6 எனக் காட்டப்பட்டது. இரண்டும் கருவிப் பிழைகள். இரண்டையும் எவரும் சாதனையாக ஏற்கவில்லை. இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. 181 என்று தவறினால் எல்லோருக்கும் தவறு எனத் தெரிந்துவிடுகிறது. அதே கருவி 148-ஐ 152 என்று தவறாகச் சொன்னால் எவருக்கும் சந்தேகம் வராது. பார்ப்பவர் நம்பக்கூடிய எல்லைக்குள் விழும் பிழைதான் ஒப்பீட்டைக் கெடுக்கிறது.

2003 பெப்ரவரி 22 அன்று கேப் டவுன் நகரில், உலகக் கிண்ணப் போட்டியில், சொயிப் அக்தார் இங்கிலாந்தின் நிக் நைட்டுக்கு வீசிய பந்து மணிக்கு 161.3 கிலோமீற்றர், அதாவது 100.2 மைல் எனப் பதிவானது. போர்நிறுத்தக் காலம் அது. யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி திறந்து ஓராண்டு கூட ஆகவில்லை. மின்பிறப்பாக்கியில் ஓடிய ஒரு தொலைக்காட்சியின் முன்னால் நாங்கள் பத்து முப்பது பேர் தரையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் நூறு என்ற எண் தோன்றியபோது எழுந்த ஆரவாரம் இன்னும் என் காதில் இருக்கிறது. நைட் அந்தப் பந்தைப் பதறாமல் கால்பக்கம் தட்டிவிட்டார் என்பதும், அந்தப் போட்டியில் இங்கிலாந்து 112 ஓட்டங்களால் வென்றது என்பதும், வெற்றியைத் தேடித் தந்தது அக்தாரைவிட வேகத்தில் வெகுவாகக் குறைந்த இருபது வயது ஜேம்ஸ் அண்டர்சன் என்பதும் அந்த ஆரவாரத்தில் மறைந்துபோயின.

நூறு மைல் என்பது மைலில் எண்ணுபவர்களுக்கு மட்டுமே எல்லைக்கோடு. கிலோமீற்றரில் அது 160.93, எந்தச் சிறப்பும் இல்லாத எண். தொம்சன் அந்தக் கோட்டுக்கு அரைக் கிலோமீற்றர் குறைவாக நின்றதால் இரண்டாம் வரிசையில் வைக்கப்படுகிறார். 2005-இல் நேப்பியரில் பிரெட் லீயும், 2010-இல் லோர்ட்ஸில் ஷோன் டைட்டும் தலா 161.1 கிலோமீற்றரை எட்டினார்கள். 2015-இல் பேர்த்தில் மிச்செல் ஸ்டார்க் 160.4-ஐ எட்டினார். அக்தாரையும் இந்த மூவரையும் தொம்சனோடு சேர்த்து நிறுத்தினால், முதலாமவருக்கும் இறுதியானவருக்கும் இடையே இருப்பது ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. நேரத்தில் அது ஒரு செக்கனின் ஆயிரத்தில் இரண்டு பங்கு. களத்தில் நிற்கும் கருவி ஒன்றின் இயல்பான பிழைக்குள் இந்த வேறுபாடு முழுதும் அடங்கிவிடும். யார் முதலிடம் என்று இவர்களை வரிசைப்படுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; ஐவரும் ஒரே வேகம் என்பதே இந்த எண்கள் சொல்லும் செய்தி.

1960களுக்கு முந்தியவர்களைப் பொறுத்தவரை, இதைவிடப் பெரிய ஒரு வேறுபாட்டை வேக எண் முற்றிலும் மறைத்துவிடுகிறது. இன்று பந்துவீச்சாளரின் முன்காலின் ஒரு பகுதியாவது மட்டைக்கோட்டுக்குப் பின்னால் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முறையற்ற பந்து. முன்னைய விதியில் பின்காலே கவனிக்கப்பட்டது. பின்கால் ஸ்டம்புகளை ஒட்டிய பந்துவீச்சுக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றினால் போதும் என்பதால், வேகமாக ஓடிவந்தவர்கள் அந்தக் காலை நிலத்தில் இழுத்துக்கொண்டே வந்து, முன்காலை இன்றைய எல்லைக்கு வெகுதூரம் முன்னால் வைத்துப் பந்தை விட்டார்கள். 1958-59 பருவத்தில் அவுஸ்திரேலியாவின் கோர்டன் ரோர்க் இப்படி இழுத்து வந்ததைப் பற்றிய புகார்கள் பெரும் சர்ச்சையாயின. விதி மாறியதற்கு இந்த இழுப்பே காரணம்.

ஒருவர் இவ்வாறு ஒரு மீற்றர் முன்னால் வந்து 145 கிலோமீற்றர் வேகத்தில் வீசுகிறார் என்று கொள்வோம். பந்து கடக்க வேண்டிய தூரம் 17.68 மீற்றரிலிருந்து 16.68 மீற்றராகக் குறைகிறது. துடுப்பாட்ட வீரருக்குக் கிடைக்கும் நேரத்தைக் கொண்டு பார்த்தால், இது இன்றைய எல்லையிலிருந்து ஏறத்தாழ 154 கிலோமீற்றர் வேகத்தில் வீசுவதற்குச் சமம். எந்த ரேடாரை அந்தக் காலத்துக்குக் கொண்டுபோய் வைத்தாலும் அது 145 என்றே காட்டியிருக்கும். மறுமுனையில் மட்டையோடு நின்றவர் 154-ஐச் சந்தித்திருப்பார். லார்வூட்டையும் டைசனையும் சந்தித்தவர்கள் அவர்களைப் பற்றிச் சொன்னவை, அளவீட்டு எண்களைவிட உயர்ந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நினைவு மிகைப்படுத்தும் என்று சொல்லி அந்தச் சாட்சிகளை முழுதாக ஒதுக்கிவிட முடியாது.

மனித உடல் இந்த எண்பது தொண்ணூறு ஆண்டுகளில் வேகமடைந்திருக்கிறதல்லவா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு ஓட்டப் பந்தயம் ஓரளவு விடை தருகிறது, ஏனெனில் அங்கே தூரமும் கடிகாரமும் எப்போதும் இருந்தன. 1936-இல் ஜெசி ஓவென்ஸ் 100 மீற்றரை 10.2 செக்கனில் ஓடினார்; 2009-இல் உசைன் போல்ட் 9.58 செக்கனில் ஓடினார். முன்னேற்றம் நூற்றுக்கு ஆறு. ஓவென்ஸின் நேரம் கையால் இயக்கிய நிறுத்துகடிகாரத்தில் அளந்தது, அவர் ஓடிய பாதையும் வேறு என்பதையும் மறக்கக் கூடாது. அதே ஆறு வீதத்தை வேகப்பந்து வீச்சின் உச்சத்திலிருந்து கழித்தால், லார்வூட் காலத்தின் மிகச் சிறந்த பந்துகள் 150 கிலோமீற்றரை ஒட்டி இருந்திருக்க வேண்டும். ஓடுவதும் வீசுவதும் ஒரே செயல் அல்ல என்பதால் இதை ஒரு தோராயமாகவே எடுக்க வேண்டும். ஆயினும் அவர் 120-இல் வீசிய நடுத்தரக்காரர் என்ற இன்றைய ஏளனத்துக்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

என்னை அதைவிட அதிகம் சிந்திக்க வைப்பது 2003-க்குப் பின்னான தேக்கம். உணவு முறை, உடற்பயிற்சி அறிவியல், காயங்களைக் கண்டறியும் வசதி, பந்துவீச்சின் ஒவ்வொரு அசைவையும் பிரித்துப் பார்க்கும் கமரா என அனைத்தும் வளர்ந்த இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், 161.3 அசையவில்லை. இத்தனை வளர்ச்சியாலும் உச்சம் உயரவில்லை என்றால், தோளும் முதுகெலும்பும் முழங்காலும் சேர்ந்து விதிக்கும் ஓர் எல்லை அங்கே இருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. அந்த எல்லையைத் தொம்சன் 1975-இலேயே தொட்டுவிட்டார் என்பதில் ஐயப்பட எனக்குக் காரணம் தெரியவில்லை. காலம் மாற்றியது உச்சத்தை அல்ல, எண்ணிக்கையை: அன்று ஒருவரோ இருவரோ எட்டிய வேகத்தை இன்று கூடுதலானோர் நெருங்குகிறார்கள்.

அளக்கும் வேகத்தோடு, உணரும் வேகமும் உண்டு. தொம்சன் பந்தை உடலுக்குப் பின்னால் மறைத்து, கவண் சுழற்றுவது போல வீசினார். பந்து கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்போது அது புறப்பட்டாகிவிடும். லசித் மாலிங்கவின் கை பக்கவாட்டில் தாழ்ந்து வந்ததால், உயரத்தில் பந்தைத் தேடிப் பழகிய கண்கள் தடுமாறின. பத்திரனவிடமும் அதே தடுமாற்றம் தொடர்கிறது. மாலிங்க அந்த வீச்சைக் கற்றது காலிக்கு அருகே ரத்கமவின் கடற்கரை மணலில், மென்பந்து விளையாடியபோது என்பது வன்னிப் பிள்ளைகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் செய்தி.

ஏனென்றால் வன்னியில் பெரும்பாலான ஊர்ப் போட்டிகள் இன்றும் மென்பந்திலேயே நடக்கின்றன. இரண்டு காலகட்டங்களை ஒப்பிடும்போது வரும் அதே சிக்கல், மென்பந்தையும் கடினப்பந்தையும் ஒப்பிடும்போது எங்கள் வெட்டையிலேயே வருகிறது. மென்பந்தாகப் பயன்படும் ரெனிஸ் பந்து ஏறத்தாழ 58 கிராம் எடை கொண்டது. பருமனில் கடினப்பந்தைவிடச் சற்றே சிறியது. எடை மூன்றில் ஒரு பங்காக இருக்க, காற்று தடுக்கும் பரப்பு மட்டும் பெரிதாகக் குறையாததால், ஆடுகளத்தைக் கடப்பதற்குள் அது தன் வேகத்தில் கால் பங்குக்கு மேல் காற்றிலேயே இழந்துவிடுகிறது. 130 கிலோமீற்றர் வேகத்தில் கையை விட்ட ரெனிஸ் பந்து மட்டையை 95-ஐ ஒட்டிய வேகத்திலும், அதே வேகத்தில் விட்ட கடினப்பந்து, தரையில் படாமல் வந்தால், 115-ஐ ஒட்டிய வேகத்திலும் அடையும். ஊர்ப் போட்டியில் மிதமாகத் தெரியும் ஒரு பையன், கடினப்பந்தைக் கையில் எடுத்த அன்று எல்லோரையும் திகைக்க வைப்பது இதனால்தான். தென்மேற்குக் காற்றான சோளகம் பலமாக வீசும் மாதங்களில் காற்றுக்கு முதுகைக் கொடுத்து ஓடிவருபவருக்கு இந்த இழப்பு வெகுவாகக் குறைகிறது. எந்த முனையில் யார் வீசுவது என்று அணித்தலைவர்கள் பிடிக்கும் பிடிவாதத்தின் பின்னால் இருப்பது இதுவே. பேர்த்திலும் பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்றை வேகப்பந்து வீச்சாளர்கள் இப்படித்தான் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

இதை அளக்க இப்போது ரேடார் தேவையில்லை. செக்கனுக்கு 240 படச்சட்டங்கள் எடுக்கும் மெதுகாட்சி வசதி பல கைத்தொலைபேசிகளில் இருக்கிறது. முதலில் ஆடுகளத்தை நாடாவால் அளக்க வேண்டும். காலடியால் அளந்து போட்ட ஆடுகளங்கள் 22 யாராக இருப்பதில்லை. தொலைபேசியைப் பக்கவாட்டில், இரண்டு முனைகளும் தெரியும் தூரத்தில் அசையாமல் நிறுத்தி, பந்து கையை விட்ட சட்டத்திலிருந்து, தரையில் படாமல் மட்டைக்கோட்டைக் கடக்கும் சட்டம் வரை எண்ண வேண்டும். 17.5 மீற்றர் தூரத்துக்கு ரெனிஸ் பந்து 150 சட்டங்கள் எடுத்தால், நேரம் 0.625 செக்கன், சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 101 கிலோமீற்றர். காற்றிலான இழப்பைச் சேர்த்துப் பார்த்தால் அது கையை விட்டபோது 120-ஐ ஒட்டிய வேகத்தில் இருந்திருக்கும், மட்டைக்கு வரும்போது 85-க்கு இறங்கியிருக்கும். ஒரு சட்டம் பிசகி எண்ணினாலும் விடை ஒரு கிலோமீற்றருக்கு மேல் மாறாது. அந்த மூன்று எண்களையும், அளந்த தூரத்தையும், பந்தின் வகையையும், காற்று வீசிய திசையையும் ஒரே கொப்பியில் எழுதி வைத்தால், பத்து ஆண்டுகளின் பின்னர் அதே வெட்டையில் ஓடிவரும் இன்னொரு பிள்ளையோடு இந்தப் பிள்ளையைச் சரியாக ஒப்பிடலாம்.